பொறவி பேக்கு

கையில அது என்னா சார், நோட்டீஸா? தப்பா எடுத்துக்காதீங்க, எட்டிப் பாத்துட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் கையில எது இருந்தாலும் படிச்சிடுவேன், பழக்கதோஷம். 'கோடைக்கால கால்பந்துப் பயிற்சி முகாம், எட்டு முதல் பதினான்கு வயது வரை.' அட! புள்ளைய சேக்கப் போறீங்களா? அப்போ சரியான ஆளு பக்கத்துல தான் உக்காந்திருக்கீங்க. இந்த சிக்னல் இப்போதைக்கு தெறக்காது. ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கான், பஸ்ஸு நகர இன்னும் அரை மணி ஆகும். கேட்டுக்குங்க.

என் பேரு தணிகாசலம். வீடு பெரம்பூர். அம்பத்தூர்ல ஒரு குக்கர் கம்பெனியில குவாலிட்டி செக்கிங். பத்தொம்பது வருஷம் ஆச்சு. ஒரு குக்கர் என் கையத் தாண்டி வெளிய போச்சுன்னா அதுல குறையே இருக்காது. ஏன்னா என் வேலையே குறை கண்டுபிடிக்கிறது தான். எட்டு மணி நேரம் அதுக்கு சம்பளம் குடுக்கிறாங்க, மிச்ச நேரம் வீட்டுல இலவசமா செய்யிறேன்னு என் சம்சாரம் சொல்லுவா. ஹேமாவதின்னு பேரு, ஆஸ்பத்திரியில நர்ஸு. அதிகம் பேச மாட்டா. பேசினா அன்னிக்கு எனக்குத் தூக்கம் போச்சு.

பொண்ணு ஒண்ணே ஒண்ணு. செம்மலர். போன வருஷம் ஏழாவது பரீட்ச முடிஞ்சு வந்த அன்னிக்கு, பையக் கூட எறக்கல, 'அப்பா, ஜெசிந்தா மிஸ் கேம்புல சேத்து விடுப்பா, ரெஹானா போறா'ன்னா. ரெஹானா அவ கிளாஸ் பொண்ணு. ஜெசிந்தா மிஸ்னா, வியாசர்பாடி பக்கம் கார்ப்பரேஷன் கிரவுண்டுல புள்ளைங்களுக்கு ஃபுட்பால் கத்துக்குடுக்கிற அம்மா. பழைய ஸ்டேட் பிளேயராம்.

'நோட்டீஸ் எங்க?'ன்னேன்.

'நோட்டீஸெல்லாம் கெடையாதுப்பா. காலையில அஞ்சரைக்குப் போய் நின்னா சேத்துப்பாங்க.'

நோட்டீஸே இல்லாத எடத்துக்கு நான் பெத்த புள்ளைய அனுப்புவேனா சார்? ஒரு குக்கருக்கே எட்டுப் பக்கத்துல புக்கு குடுக்கிறோம். 'நீ பேசாம இரு, அப்பா பாத்துக்கிறேன்'னு சொல்லிட்டு ஒரு நோட்டு போட்டேன். நாப்பத்திரெண்டு கேள்வி எழுதினேன். சிரிக்காதீங்க, உங்களுக்கும் உதவும். முதலுதவிப் பெட்டி இருக்கா, அதுல இருக்குற மருந்து காலாவதி ஆயிடுச்சா? வெயில்ல எத்தன நிமிஷத்துக்கு ஒரு தரம் தண்ணி? ஒரு கோச்சுக்கு எத்தன புள்ளைங்க? எட்டு வயசையும் பதினாலு வயசையும் ஒண்ணா ஓட விடுறாங்களா, பிரிக்கிறாங்களா? பாத்ரூம் கதவுக்குத் தாப்பாள் இருக்கா? பந்துல காத்து எவ்வளவு? அந்தக் கேள்வி கொஞ்சம் ஓவர் தான். ஆனா குக்கர்காரன் இல்லையா, பிரஷர் விஷயத்துல என்னால விட்டுக்குடுக்க முடியாது.

ஹேமா அந்த நோட்டப் பொரட்டிப் பாத்தா. 'நாப்பத்திரெண்டுல ஒண்ணாவது மலரு கிட்ட கேட்டீங்களா?'ன்னா.

அவ சின்னப் புள்ள, அவளுக்கு என்னா தெரியும்? நீங்களே சொல்லுங்க.

மொதல்ல கொளத்தூர்ல ஒரு ஸ்கூலுக்குப் போனேன். நோட்டீஸ்னா அது நோட்டீஸ் சார், கல்யாணப் பத்திரிக மாதிரி மூணா மடிச்சது. ஃபுட்பால், யோகா, அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, மேடைப் பேச்சு, எல்லாம் ஒரே பதினைஞ்சு நாள்ல. 'ஃபுட்பால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?'னு கேட்டேன். அந்த மேடம் டைம்டேபிள மேல கீழப் பாத்துட்டு, 'செவ்வாய்க்கிழம இருபது நிமிஷம் சார், மழ வரலன்னா'ன்னாங்க. மே மாசத்துல மழ! அங்கயிருந்து எழுந்து வந்துட்டேன். எனக்கே பெருமையா இருந்துச்சு, பாத்தியா, கேள்வி கேட்டதால தப்பிச்சோம்னு.

அடுத்தது அண்ணா நகர் தாண்டி ஒரு டர்ஃப். டர்ஃப் தெரியுமில்ல, பச்சையா பிளாஸ்டிக் புல்லு, சுத்தி வல. வாசல்லயே ஏசி ரூமு. கோட்டு போட்ட தம்பி ஒருத்தன் என் நாப்பத்திரெண்டு கேள்விக்கும் நாப்பத்திரெண்டு பதில் சொன்னான். தாப்பாளக் கூட கூட்டிட்டுப் போய் காட்டினான். முதலுதவிப் பெட்டியத் தெறந்து காட்டினான். என்னைய மாதிரி ஒரு தகப்பனப் பாத்ததே இல்லன்னான். அதோட நான் விழுந்துட்டேன். கோச்சப் பாக்கணும்னு மட்டும் எனக்குத் தோணல. நாப்பத்திரெண்டுல அது இல்ல.

மலர அங்க சேத்து விட்டேன், அஞ்சு நாள் போனா. தினமும் சாயங்காலம் என் போனுக்கு ஃபோட்டோ வரும். மலரு ஒரு கால பந்து மேல வெச்சு, இடுப்புல கை வெச்சு நிப்பா. கம்பெனியில எல்லாருக்கும் காட்டினேன். ஆறாவது நாள் கெளம்ப மாட்டேன்னுட்டா. 'ஏண்டா கண்ணு?'ன்னா, 'எனக்கு ஃபோட்டோ எடுக்கப் புடிக்கலப்பா'ன்னா. கூப்பிட்டு உக்கார வெச்சு விசாரிச்சா, நாப்பது புள்ளைங்களுக்கு நாலு பந்து. அதுல ஒண்ணு ஃபோட்டோவுக்குன்னு தனியா வெச்சது. அஞ்சு நாள்ல இவ பந்தத் தொட்டதே அந்த அஞ்சு ஃபோட்டோவுக்குத் தான். நானும் பந்துல காத்து எவ்வளவுன்னு கேட்டேனே தவிர, பந்து எத்தனன்னு கேக்கல சார். பத்தொம்பது வருஷ அனுபவம்!

வேற வழியில்லாம ஜெசிந்தா மிஸ் கிட்ட போனோம். அங்க நோட்டீஸ் இல்லன்னாலும் ஒரு ஃபாரம் இருந்துச்சு. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் வெளுத்துப் போன ஃபாரம். நானே வாங்கி நானே நிரப்பினேன். 'ஆடும் இடம்'னு ஒரு கோடு இருந்துச்சு. 'வியாசர்பாடி கார்ப்பரேஷன் கிரவுண்டு'ன்னு எழுதினேன். அது வேற இடத்தக் கேக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஃபுட்பால்ல தெரிஞ்சது ஒண்ணு தான், கோலு. போட்டா கத்தணும், வாங்கினா தலையில கைய வெச்சுக்கணும்.

மலரு என்னமோ மாறிட்டா சார். நாலே முக்காலுக்கு அலாரம் இல்லாம எந்திரிக்கிறா. மண்ணும் வேர்வையுமா வந்து நின்னு ரெண்டு தரம் சோறு வாங்கித் திங்கிறா. வீடே கலகலன்னு இருந்துச்சு. நானும் தினம் ஒரே கேள்வி கேப்பேன், 'கோலு போட்டியா?'ன்னு. 'இல்லப்பா.' மறுநாளும், 'போட்டியா?' 'இல்லப்பா.' ஒன்பது நாள் கேட்டேன், ஒன்பது நாளும் இல்ல. பத்தாவது நாள் கேட்டதுக்குப் பதிலே சொல்லல, குளிக்கப் போயிட்டா. எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. ஒரு பீஸு பத்து தரம் டெஸ்ட்ல ஃபெயில் ஆனா எங்கயோ தப்பு இருக்குன்னு தானே அர்த்தம்?

மறுநாள் நானே நேர்ல போயிட்டேன். முப்பது புள்ளைங்க ஓடிட்டிருக்கு. அந்தம்மா கழுத்துல விசிலோட ஓரமா நிக்கிறாங்க. அம்பது வயசிருக்கும், கட்டையா, உறுதியா இருப்பாங்க. 'மேடம், நான் செம்மலரோட அப்பா. புள்ள எப்படி?'ன்னு கேட்டேன்.

கிரவுண்ட விட்டுக் கண்ண எடுக்கல. 'மலரா? பேக்கு சார்.'

'என்னாது?'

'பேக்கு. மொத ரெண்டு நாள் நானும் முன்னாடி விட்டுப் பாத்தேன், சரிப்படல. அப்புறம் தான் புரிஞ்சுது, இது பொறவி பேக்குன்னு. இத்தன வருஷத்துல இப்படி ஒரு பேக்கு என் கையில கெடச்சதே இல்ல சார்.'

சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க! நீங்களும் மெட்ராஸ்காரர் தானே? பேக்குன்னா உங்களுக்கு நான் அர்த்தம் சொல்லணுமா? மந்தம், மக்கு, ஏமாளி, எல்லாத்தையும் ஒரு பாத்திரத்துல போட்டுக் கிண்டினா பேக்கு. என் புள்ளைய, என் முகத்துக்கு நேரா!

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, எனக்கு அன்னிக்கு மட்டு கூட இல்ல. 'யாரப் பாத்து பேக்குன்ற? நீ தான் பேக்கு!'ன்னேன்.

'ஆமா சார், நானும் பேக்கு தான்'னாங்க, அமைதியா. 'பதினாறு வருஷம்.'

எனக்கு இன்னும் ஏறிடுச்சு. 'உங்கப்பன் பேக்கு!'ன்னேன். பொம்பள கிட்ட பேசுற பேச்சா சார் அது? ஆனா பேசிட்டேன்.

அந்தம்மா முகத்துல அப்படியே ஒரு சந்தோஷம். 'அப்பாவத் தெரியுமா சார் உங்களுக்கு? ரயில்வேக்கே அவரு தான் பேக்கு! அவரு ஆடிப் பாத்திருக்கீங்களா?'

ரயில்வேக்கே பேக்குன்னு பேரெடுத்த மனுஷன், அதப் பெருமையா வேற சொல்லுது, இந்தக் குடும்பத்து கிட்டயா புள்ளைய விட்டோம்னு கைய நீட்டினேன். 'என் ஃபாரத்தக் குடுங்க'ன்னேன். பையிலருந்து எடுத்துக் குடுத்தாங்க, ஏன்னு கூட புரியல பாவம். முப்பது புள்ளைங்க முன்னாடி அத நாலாக் கிழிச்சுப் போட்டேன். உள்ள போய் மலரு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். 'அப்பா, மிஸ் சொன்னது...'ன்னு ஏதோ ஆரம்பிச்சா. 'வாயத் தொறந்தேன்னா தெரியும்'னேன்.

தொறக்கல சார். அன்னிக்கு மூடின வாயி தான்.

மொத நாள் கோவம்னு நெனச்சேன். ரெண்டாம் நாள் பிடிவாதம்னு நெனச்சேன். மூணாம் நாள் நான் ஹால்ல உக்காந்தா அவ ரூமுக்குப் போறா, நான் ரூமுக்குப் போனா அவ மாடிக்குப் போறா. காலையில நாலே முக்காலுக்கு எந்திரிக்கிறது மட்டும் நிக்கல. எந்திரிச்சு, ஷூ போட்டுக்கிட்டு, கட்டில்ல உக்காந்திருப்பா. வெளிச்சம் வந்ததும் கழட்டி வெச்சிடுவா. அதப் பாத்தா எனக்கு எப்படி இருக்கும்? ஹேமா கிட்ட, 'என்னான்னு நீயாவது கேளேன்'ன்னேன். 'கேட்டேன். உங்க கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கா'ன்னு கொழம்ப எறக்கப் போயிட்டா. பாருங்க, வீட்டுல ரெண்டு பேருக்கும் விஷயம் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

நான் என்னா பண்ணேன்? நியாயம் என் பக்கம்னு கம்பெனியில போய் கேஸு போட்டேன். மத்தியானம் சாப்பிடும்போது எல்லாரும் இருந்தாங்க. 'பேக்குன்னு சொல்றாங்கய்யா, அதுவும் பொறவி பேக்காம். கேட்டா நானும் பேக்கு, எங்கப்பனும் பேக்குன்றாங்க'ன்னு முழுக்க நடிச்சுக் காட்டினேன். பேக்கிங் செக்‌ஷன்ல அந்தோணின்னு ஒருத்தர், வியாசர்பாடிக்காரர், சாம்பார் சாதம் சாப்பிட்டுட்டிருந்தாரு. அவருக்குப் பொரையேறி சாதம் மூக்கு வழியா வந்துடுச்சு. தலையில தட்டி தண்ணி குடுத்தோம். கண்ணத் தொடச்சுக்கிட்டு கேட்டாரு, 'அண்ணே, உனுக்கு ஃபுட்பால் இன்னானு தெரியுமா?'

'கோலு தெரியும்.'

'கோலு போடறவன் ஃபார்வர்டு. கோலு வுழாம பின்னால நின்னு தடுக்கிறவன் பேக்கு. ஜெசிந்தாக்கா மெட்ராஸுக்கே ரைட்டு பேக்கு. அவங்க நைனா ரயில்வே டீமுல லெஃப்டு பேக்கு, அவரு கால்ல பட்டா பந்து தாண்டாது. அந்தக்கா வாயால பொறவி பேக்குன்னு ஒரு பொண்ண சொன்னாங்கன்னா, எங்க ஏரியாவா இருந்தா மால போட்டிருப்போம் அண்ணே.'

முப்பது பேரு சிரிச்சாங்க சார். நானும் சிரிச்சேன், வேற என்னா பண்றது? ஆனா டப்பாவ மூடி வெச்சிட்டேன். பத்து நாளா கோலு போட்டியா கோலு போட்டியான்னு அந்தப் புள்ளையக் கேட்டிருக்கேன். கோலு விடாம நின்னிருக்கா, அத நான் ஒரு நாள் கூட கேக்கல. எனக்கு வெக்கமா இருந்துச்சு. வெக்கத்த விட பயமா இருந்துச்சு, இனிமே இவ என் கிட்ட எதையும் சொல்லாமலே வளந்துடுவாளோன்னு.

இருந்தாலும் உடனே போகல. மூணு நாள் ஆச்சு. டயர்ல காத்து இல்ல, மேனேஜர் கூப்பிட்டாரு, செவ்வாய்க்கிழம நல்ல காரியம் கூடாது, இப்படி. எட்டாவது நாள் லீவு போட்டுட்டுப் போனேன்.

ஜெசிந்தாம்மா திட்டுவாங்கன்னு போனா, திட்டல. புள்ளைங்க தான் என்னையப் பாத்து ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டு சிரிச்சுதுங்க. 'தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் மேடம். உங்கப்பாவையும் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க'ன்னு கைகூப்பினேன்.

'எங்கப்பா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு, விடுங்க'ன்னாங்க. அப்புறம் முகம் மாறிடுச்சு. 'ஆனா சார், புள்ளைய எல்லார் முன்னாடியும் இழுத்துட்டுப் போனீங்களே, அது சரியில்ல. ஞாயித்துக்கிழம மேட்ச்சு. மூணு நாள் வரலன்னா பதினோரு பேர்ல எடம் கெடையாது, அது எல்லாருக்கும் ஒரே சட்டம். அவ எடத்துல வேற பொண்ண ஆட வெச்சிட்டேன். மலரு வரலாம், வெளிய உக்காரணும். அதுவும் அவளுக்கு இஷ்டம் இருந்தா.'

இஷ்டம். புதுசா ஒரு ஃபாரம் குடுத்தாங்க. 'இத நீங்க எழுதாதீங்க'ன்னாங்க.

மேட்ச் என்னா ஆச்சுன்னு கேக்குறீங்களா? ஒண்ணுக்கு ஒண்ணு, டிரா. கடைசி பதினஞ்சு நிமிஷம் மலரு எடத்துல ஆடின பொண்ணுக்குத் தொடை புடிச்சுக்கிச்சு, மலர உள்ள விட்டாங்க. ரெண்டு பந்து வந்துச்சு, ரெண்டையும் விடல. நான் வெளிய நின்னு கத்தவேயில்ல சார், கையால வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். பக்கத்துல இருந்தவரு பல்லு வலியான்னு கேட்டாரு. அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது அந்த ஃபாரத்தப் பத்தி.

வீட்டுக்குக் கொண்டு வந்து மலரு முன்னாடி வெச்சேன். அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா, பேக்குன்னா என்னான்னு தெரியாமப் பேசிட்டேன்னு சொன்னேன். மிஸ் கிட்ட மன்னிப்புக் கேட்டதையும், பதினோரு பேர்ல எடம் போனதையும் ஒண்ணு விடாம சொன்னேன். நிமுந்து பாக்கல. ஃபாரத்த எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்கிட்டா. நான் வெளிய நாற்காலியில உக்காந்தேன். உள்ள பேனா ஓடுற சத்தம் கேக்குதான்னு பாத்தேன். கேக்கல. ஹேமா டியூட்டிக்குக் கெளம்பிக்கிட்டே ஒரு பார்வ பாத்தா.

அரை மணி கழிச்சு வந்தா. ஃபாரத்த மேசை மேல வெச்சு, மேல ஒரு நோட்டால மூடி, அடியில கையெழுத்துப் போடுற எடம் மட்டும் தெரியிற மாதிரி புடிச்சுக்கிட்டா. எட்டு நாள் கழிச்சு என் கிட்ட பேசினா.

'படிக்காத. கையெழுத்து மட்டும் போடு.'

எதையும் படிக்காம நான் கையெழுத்துப் போட்டதே இல்ல. கல்யாண ரிஜிஸ்தர்லயே முழுசாப் படிச்சிட்டுத் தான் போட்டேன், ஐயர் கோவிச்சுக்கிட்டாரு. ஆனா போட்டேன். போட்டுட்டுப் பேனாவ மூடினேன். அவ நோட்ட எடுத்து, ஃபாரத்த மடிச்சா.

பொய் சொல்லக்கூடாது சார். மடிக்கும்போது ஒரே ஒரு வரி கண்ணுல பட்டுடுச்சு. 'அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்'னு போட்டிருந்துச்சு. அவ அம்மா நர்ஸு. அடிபட்டா, ரத்தம் வந்தா, யாரக் கூப்பிடணும்? புத்தியுள்ள புள்ள அம்மா நம்பரத் தான் எழுதும். நானா இருந்தாலும் அத தான் எழுதச் சொல்லியிருப்பேன்.

என் நம்பரு சார் அது.